ரெண்டரை அணாவும் நாப்பத்தோரு நாள் இட்லியும்

ஆபீஸ்ல புதுசா யாராவது டீம்ல சேர்ந்தா முதல் கேள்வி "உங்களுக்கு எந்த ஊரு?" அப்படின்னுதான் வரும். நான் "திருக்கோவிலூர்"னு சொல்வேன். உடனே அடுத்த கேள்வி, "அது எங்க இருக்கு?"

இதுக்கு பதில் சொல்றதுக்குள்ள டீ ஆறிடும். நான் படிச்சதெல்லாம் விழுப்புரம் மாவட்டம்னு எழுதித்தான். எங்கப்பா படிச்சப்போ தென்னாற்காடு மாவட்டம். 1993-ல அதைப் பிரிச்சாங்க. 2019-ல மறுபடி பிரிச்சப்போ எங்க ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போயிடுச்சு. இதுல காமெடி என்னன்னா, எங்க ஊர் ரயில்வே ஸ்டேஷன் ஆத்துக்கு அந்தப் பக்கம் அரகண்டநல்லூர்ல இருக்கு. அது இன்னமும் விழுப்புரம் மாவட்டம். போர்டுல பேரு திருக்கோவிலூர். ஆக ரயிலை விட்டு இறங்கி, தென்பெண்ணை ஆத்தைத் தாண்டி, வேற மாவட்டத்துக்குள்ள போனாத்தான் வீடு. பாஸ்போர்ட் மட்டும்தான் கேக்கல :)

ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கறதால இன்னிக்கு நம்ம ஊரைப் பத்தியும், அங்க இருக்கற ஒரு ஓட்டலைப் பத்தியும் கொசுவர்த்தி சுத்தலாம்னு இருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க மக்கா.

ஊர்ப் பெருமை பேசாம பதிவு போட்டா எங்க தமிழ் வாத்தியார் கனவுல வந்து குட்டுவார். அதனால சுருக்கமா. எங்க ஊர் சங்ககாலத்து ஊர். மலையமான் திருமுடிக்காரி ஆண்ட இடம். பாரி இறந்தப்புறம் அவர் பொண்ணுங்களை ஒரு நல்ல இடத்துல சேர்த்துட்டு கபிலர் வடக்கிருந்து உயிரை விட்டதா சொல்ற பாறை, கபிலர் குன்று, ஆத்துக்குள்ளயே நிக்குது. இது வெறும் வாய்வழிக் கதை இல்லை. கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயில்ல ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு கபிலரையும் அந்தக் கல்லையும் சொல்லுது. ராஜராஜனோட அம்மா வானவன்மாதேவி எங்க ஊர்ப் பொண்ணு, மலையமான் குடும்பம். தஞ்சாவூர் நண்பர்கள் ரொம்ப ஆடுனா இந்த பாயிண்டை எடுத்து விடுவேன். "பெரிய கோயில் கட்டினவருக்கு நாங்க தாய்மாமன் வீடு."

அப்புறம் முதல் மூன்று ஆழ்வார்கள் மழைக்கு ஒதுங்கின இடைகழி. ஒருத்தர் படுக்கலாம், ரெண்டு பேர் உக்காரலாம், மூணு பேர் நிக்கலாம். இந்தக் கதை எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். நான் சொல்லப்போற ஓட்டலோட சைஸும் கிட்டத்தட்ட இதேதான்.

ஸ்டேஷன்லேர்ந்து தரைப்பாலம் வழியா ஆத்தைத் தாண்டி வந்தா, கரையேறுற சரிவுல இடது கைப் பக்கம். போர்டு உண்டு. நான் பொறந்ததுலேர்ந்து அதுல "சைவ" அப்படிங்கறது மட்டும்தான் படிக்க முடியும். ரெண்டு மேஜை, நாலு பெஞ்சு, ஒரு கல்லாப்பெட்டி, பின்னாடி விறகடுப்பு. அதை நடத்தறவரை நான் மாமான்னு கூப்பிடுவேன். சொந்தம்லாம் இல்லை. எங்கப்பா அவரை மச்சான்னு கூப்பிட்டதால எனக்கு மாமா.

கடையை ஆரம்பிச்சது மாமாவோட அப்பா. முதல்ல கடையே இல்லையாம். தலையில இட்லிக் கூடையும், கையில சட்னித் தூக்கும் வச்சிக்கிட்டு, கோடையில ஆத்து மணல்ல நடந்து, தண்ணி வந்தா பாலத்து மேல நடந்து, ஸ்டேஷனுக்குப் போய் விப்பாராம். விழுப்புரம் - காட்பாடி மீட்டர் கேஜ் வண்டி வர்ற நேரம்தான் அவருக்கு கடிகாரம். கால் ஓயவும், சரிவுல இடம் புடிச்சு கூரை போட்டுட்டார். உளுந்துக்கு அலையவே வேண்டாம். அரகண்டநல்லூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு சுத்துப்பட்டு ஊர் நெல்லும் உளுந்தும் மணிலாவும் மூட்டை மூட்டையா வரும். (மணிலான்னா வேர்க்கடலைங்க. எங்க பக்கம் அப்படித்தான்.) மூட்டை தூக்கறவங்க, வண்டிக்காரங்க, கமிட்டிக்கு வந்த விவசாயிங்க, இவங்கதான் கடையோட ஆளுங்க. எங்கப்பாவும் அங்க மூட்டை தூக்குனவர்தான்.

ருசி பத்தி பெருசா பில்டப் குடுக்க மாட்டேன். இட்லி கொஞ்சம் பெருசு. பொட்டுக்கடலை சட்னி தண்ணியா ஓடும். சாம்பார்ல காய் இருந்தா அன்னிக்கு சந்தைன்னு அர்த்தம். ஆனா ஆத்துப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி, மர உலக்கை போட்டு இடிச்ச மொளகாப்பொடி, ஆவி பறக்க இலையில விழற இட்லி... சரி வேணாம், மணி பதினொண்ணாவுது, பசிக்குது.

இப்போ ஒரு பெரிய ஃப்ளாஷ்பேக். வருஷம் 1896.

ஆகஸ்ட் 29-ந் தேதி மதுரையில 16 வயசுப் பையன் ஒருத்தன் வீட்டை விட்டுக் கிளம்பறான். பேரு வெங்கட்ராமன். அண்ணனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டக் குடுத்த 5 ரூபாயில 3 ரூபாய் எடுத்துக்கிட்டு, மீதி 2 ரூபாயை ஒரு சீட்டோட வச்சிட்டுப் போறான். போக வேண்டிய இடம் திருவண்ணாமலை. அவன் கையில கெடச்ச மேப்பு பழசு. விழுப்புரத்துலேர்ந்து திருவண்ணாமலை வழியா போற ரயில் பாதை அதுல இல்லை. இருக்கறதுலயே பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம்னு முடிவு பண்ணி 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் எடுத்துட்டான். அப்டேட் பண்ணாத டாக்குமெண்டை நம்பி வேலை செஞ்சா என்ன ஆகும்னு நம்ம துறை ஆளுங்களுக்குச் சொல்லவா வேணும்.

வண்டியில கூட வந்த ஒரு மௌல்விதான் "தம்பி, திண்டிவனம் போவாதே, விழுப்புரத்துலயே மாறணும்"னு சொல்லியிருக்கார். விடியக்காலை இருட்டுல விழுப்புரத்துல இறங்கியாச்சு. திருச்சியில அரை அணாவுக்கு ரெண்டு பேரிக்காய் வாங்கினது போக கையில ரெண்டரை அணா. ஊரைச் சுத்திப் பாத்துட்டு, பசி தாங்காம ஒரு ஓட்டலுக்குப் போறான். சாப்பாடு மத்தியானம்தான்னு சொல்லிட்டாங்க. காத்திருந்து சாப்பிட்டுட்டு ரெண்டணாவை நீட்டறான். ஓட்டல்காரர் கேக்கறார், "உங்கிட்ட மொத்தம் எவ்வளவு இருக்கு?" "ரெண்டரை அணா." "அப்ப நீயே வச்சிக்கோ."

அந்தக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட். அதுக்கு மேல நடை. சுமார் 10 மைல் நடந்து அந்தப் பையன் சாயங்காலம் வந்து சேர்ந்த இடம் அரகண்டநல்லூர் கோயில். அங்க சாப்பாடு கேட்டான், இல்லைன்னுட்டாங்க. ஆத்தைத் தாண்டி கீழூர் கோயிலுக்கு வந்தான். கீழூர்னா நம்ம கீழையூர்தான், கபிலர் கல்வெட்டு இருக்கற அதே கோயில். அங்கயும் இல்லைன்னுதான் சொன்னாங்க. மேளக்காரர் ஒருத்தர்தான் "என் பங்கு சோத்தை இவனுக்குக் குடுங்க"ன்னு சொன்னார். மறுநாள் கோகுலாஷ்டமி. ஒரு பாகவதர் வீட்டுல வயிறாரச் சாப்பாடு. காதுல இருந்த கடுக்கனை அவர்கிட்டயே அடகு வச்சு 4 ரூபாய் வாங்கிட்டு, கெளம்பின கொஞ்ச நேரத்துலயே அடகுச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டான். மீட்க வரப்போறதில்லைன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. செப்டம்பர் 1, திருவண்ணாமலை. அதுக்கப்புறம் அவர் ரமண மகரிஷி.

எனக்கு ஆன்மீகம்லாம் ரொம்ப தூரம். ஆனா இந்தக் கதையில என்னை விடாம புடிச்சது அந்த விழுப்புரம் ஓட்டல்காரர். எல்லாப் புத்தகத்துலயும் ரெண்டு வரி வர்றார். வந்திருக்கறது யாருன்னு அவருக்குத் தெரியாது. ஓடி வந்த ஒரு பையன், அவ்ளோதான். விலை என்னன்னு பாக்காம, இவன் கையில எவ்வளவு இருக்குன்னு கேட்டிருக்கார். ஏன் என்னைப் புடிச்சதுன்னா, அதே கேள்வியை நான் நேர்ல கேட்டிருக்கேன்.

2013-ல நான் +2. ஆகஸ்ட் மாசம் அப்பா லாரியில மூட்டை அடுக்கும்போது கால் தவறி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சிடுச்சு. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அம்மா கூடவே போயிட்டாங்க. வீட்டுல நான் ஒருத்தன். எனக்கு அப்போ சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது. (இப்பவும் பெருசா முன்னேற்றம் இல்லை.)

முதல் நாள் காலைல மாமா கடைக்குப் போய் நின்னேன். காசு இல்லைன்னு சொல்ல வாய் வரல. அவரே இலையைப் போட்டு நாலு இட்லி வச்சார். கெளம்பும்போது ஒரு பொட்டலம் குடுத்தார். தயிர் சாதம், ஊறுகாய். "ராத்திரிக்கு இங்கதான் வரணும். வேற எங்கியாவது போன, காலை ஒடிச்சிருவன்." கால் ஒடிஞ்ச வீட்டுப் பையன்கிட்ட இதைச் சொல்றோமேன்னு அவருக்கே அப்புறம்தான் உறைச்சுது. நாக்கைக் கடிச்சிக்கிட்டார்.

ஒரு நீள நோட்டு. அதுல அப்பா பேரு போட்டு தினமும் எழுதுவார். நான் பாக்கற மாதிரிதான் எழுதுவார். அப்போ எனக்கு அது கொஞ்சம் அவமானமா இருந்துச்சு. ஓசியில போடறவர் போட்டுட்டுப் போலாமே, எதுக்கு எழுதணும்னு தோணும். இப்போ யோசிச்சா, அவர் எழுதினதாலதான் நான் மறுநாளும் தைரியமா போய் உக்காந்தேன். கணக்குல சாப்பிடறவன் வாடிக்கைக்காரன். இது புரிய எனக்கு பத்து வருஷம் ஆச்சு.

அடுத்த பொங்கலுக்கு அப்பா குச்சி ஊனிக்கிட்டு கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். சட்டைப் பையிலேர்ந்து அஞ்சு நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். மாமா வாங்கல.

"உங்கிட்ட எவ்ளோ வச்சிருக்க?"

"ஐநூத்தி அம்பது."

"பையனுக்கு ஜூன்ல காலேஜு வருது. வச்சிக்க மச்சான். எங்க ஓடிப் போவப் போற? ஓடவும் முடியாது உன்னால."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அவ்வளவுதான், அதோட முடிஞ்சுது.

நான் காலேஜ் போனேன், கல்விக் கடன் வாங்கினேன், 2018-ல வேலைக்கு வந்தேன். கல்விக் கடனை ஒழுங்கா கட்டினேன். பேங்க்காரன் போன் பண்ணுவான்ல. மாமா போன் பண்ண மாட்டார். அப்பா மட்டும் போன்ல பேசும்போதெல்லாம் கடைசியில "அந்த ஓட்டல் கணக்கை ஒரு எட்டு பாத்துடுடா"ம்பார். சரிப்பான்னு வச்சிடுவேன். சின்னத் தொகையை எப்படிக் குடுக்கறது, பெருசா ஏதாவது செய்யணும், கடைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிக் குடுக்கலாம், போர்டு மாத்திக் குடுக்கலாம்னு மனசுக்குள்ளயே பிளான் போட்டுட்டு இருந்தேன். ஊருக்குப் போற அன்னிக்கு ஹைவேஸ்ல கண்ணாடி போட்ட ஓட்டல்ல 180 ரூபாய்க்கு தோசை சாப்பிட்டுட்டு, மாமா கடையை பஸ்லேர்ந்தே பாத்துட்டுப் போயிடுவேன். 2021-ல அப்பா போயிட்டார். காரியத்துக்கு மாமா வந்தார். கணக்கைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல.

அப்புறம் ஃபெஞ்சல் வந்துச்சு.

2024 நவம்பர் 30 ராத்திரி புயல் பாண்டிச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கடந்ததுக்கப்புறமும் நகராம நின்னு கொட்டினதுதான் வினை. திண்டிவனம் பக்கத்துல மயிலத்துல 51 செ.மீ. மழை. மேல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஊத்தங்கரையில 50 செ.மீ. நந்திமலையில பொறந்து கடலூர்ல கடல்ல சேர்ற எங்க ஆத்துக்கு நடுவுல சாத்தனூர் அணைதான் பெரிய தடுப்பு. அதுவும் நிறைஞ்சு போய், டிசம்பர் 2 விடியக்காலை 1,68,000 கன அடி வரைக்கும் தண்ணியைத் திறந்து விட்டாங்க. வருஷத்துல பாதி நாள் கிரிக்கெட் ஆடற ஆறு அது. மணல் அள்ளி அள்ளி, பள்ளத்துல முள்ளு மண்டிக் கெடக்கும். அன்னிக்கு ரெண்டு கரையும் பத்தல.

எனக்கு சென்னையில கையும் ஓடல காலும் ஓடல. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் நடுவுல பாலத்துல தண்ணி அபாய அளவைத் தாண்டி ரயில் நின்னு போச்சு. அரசூர்கிட்ட ரோடு மேல தண்ணி, பஸ்ஸும் போகல. அம்மாவுக்கு போன் கெடச்சப்போ மத்தியானம் ஆயிடுச்சு. வீடு மேட்டுல இருக்கறதால தப்பிச்சுது. "தரைப்பாலம் முழுவிப்போச்சுடா. ஓட்டல்கார மாமா கடையில கூரை வரைக்கும் தண்ணி"ன்னாங்க.

அந்த வாரக் கடைசியில கெளம்பினேன். ஏடிஎம்ல 25,000 எடுத்துக்கிட்டேன்.

கடைன்னு சொல்ல சுவர் மட்டும்தான் இருந்துச்சு. முழங்கால் உயரம் வண்டல். பெஞ்சு ஒண்ணைக் காணோம், மேஜை தலைகீழா கெடந்துச்சு. மாமா லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மம்பட்டியால சேறு வாரிக்கிட்டு இருந்தார். எழுபதைத் தாண்டின மனுஷன். திருப்பூர்ல இருக்கற பையன் "போதும்பா, விட்டுட்டு இங்க வந்துடு"ன்னு சொல்லிட்டானாம். நானும் ஒரு மம்பட்டி வாங்கி கொஞ்ச நேரம் வாரினேன். பத்து நிமிஷத்துல இடுப்பு விட்டுப் போச்சு. ஏசியில உக்காந்த உடம்பு.

"நோட்டெல்லாம் போச்சு தம்பி. ஊருல பாதிப் பேரு இப்ப ரொம்ப சந்தோசமா இருப்பான்." சிரிச்சார்.

நான் கவரை எடுத்து நீட்டினேன். மனப்பாடம் பண்ணி வச்சிருந்த டயலாக் எல்லாம் மறந்து போச்சு. "மாமா, அப்பா சொல்லிட்டே இருந்தாரு..." அதுக்கு மேல வரல.

கவரைப் பிரிச்சுப் பாத்தார். என்னைப் பாத்தார்.

"இப்ப உங்கிட்ட எவ்ளோ இருக்குது?"

என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. சம்பளத்தைச் சொல்றதா, பேங்க் பேலன்ஸைச் சொல்றதா? "இருக்கு மாமா. நல்லாவே இருக்கு"ன்னேன்.

"அப்ப சரி." சேத்துக் கையை லுங்கியில தொடச்சிக்கிட்டு வாய்க்குள்ளயே கணக்குப் போட்டார். "காலைல இருவது. ராத்திரி இருவது. கட்டிக் குடுத்தது இருவது. நாப்பத்தோரு நாளு. ரெண்டாயிரத்து நானூத்தி அறுவது." ரூபாயை எண்ணினார். 2500 எடுத்துக்கிட்டு, டவுசர் பையிலேர்ந்து ஈரமான நாப்பது ரூபாயை மீதி குடுத்தார். கவரைத் திருப்பி என் சட்டைப் பையில வச்சார்.

"மாமா, பூரா வச்சிக்கங்க மாமா. கடையைப் போடணும்ல?"

"இது எங்காசு, வாங்கிட்டன். அது உங்காசு." கொஞ்சம் கோவமாத்தான் சொன்னார். அப்புறம் அவரே சமாதானமாகி, "கிரைண்டர் மோட்டாரு தண்ணி பூந்து எரிஞ்சிப்போச்சி. காயில் கட்ட ரெண்டாயிரத்து ஐநூறு கேட்டான். இன்னாடா பண்றதுன்னு நெனச்சிட்டு இருந்தன். சரியா கொண்டாந்து குடுத்துட்ட"ன்னார்.

பத்து வருஷமா ஃப்ரிட்ஜு, போர்டுன்னு நான் கட்டின கோட்டையெல்லாம் அந்த நாப்பது ரூபாய் மீதியில சரிஞ்சு போச்சு. நான் நல்லவனா இருக்கறதுக்கு அவருக்கு உதவணும்னு நெனச்சிருக்கேன். அவருக்கு வேண்டியிருந்தது அவர் பாக்கி மட்டும்தான். அதைக்கூட, எங்கிட்ட இருக்கான்னு கேட்டுட்டுத்தான் வாங்கினார். அன்னிக்கு எங்கப்பாகிட்ட இல்லை, வாங்கல. இன்னிக்கு எங்கிட்ட இருக்கு, வாங்கிக்கிட்டார். அடகுச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு நடக்கறதுக்கு நாம ஒண்ணும் ரமணர் இல்லை. நம்மள மாதிரி ஆளுங்க போய்க் கட்டிட்டு வர்றதுதான் மரியாதை. எனக்கு ஒரே வருத்தம், நாலு வருஷம் முன்னாடி கட்டியிருந்தா அப்பாகிட்ட போன்ல சொல்லியிருப்பேன்.

2025 ஜனவரி 18, தை அஞ்சு, ஆற்றுத் திருவிழா. சுத்துப்பட்டு சாமியெல்லாம் தென்பெண்ணைக்கு தீர்த்தவாரிக்கு வர்ற நாள். கரையெல்லாம் சுருளிக்கிழங்கும் கரும்பும் பலூனும். லீவு போட்டுட்டுப் போயிருந்தேன். ஆத்துல கணுக்கால் அளவு தண்ணி, ஒண்ணும் தெரியாத மாதிரி ஓடிட்டு இருந்துச்சு. சரிவுல தகரக் கொட்டாய் போட்டு கடை தொறந்திருந்துச்சு. ஒரு மேஜை, ரெண்டு பெஞ்சு. இப்போ நெஜமாவே இடைகழி சைஸ்தான். போர்டு இல்லை. சுவர்ல தண்ணி நின்ன கோடு மட்டும் என் தலைக்கு மேல இருந்துச்சு. அதைச் சுண்ணாம்பு அடிக்காம விட்டிருந்தார்.

நாலு இட்லி சாப்பிட்டேன். பொட்டுக்கடலை சட்னி அதே தண்ணி. 40 ரூபாய்னார். குடுத்தேன், வாங்கிக் கல்லாவுல போட்டார். புது நோட்டு ஒண்ணு கல்லா மேல இருந்துச்சு, ரெண்டு மூணு பக்கம் அதுக்குள்ள ரொம்பியிருந்துச்சு.

உங்க ஊர்லயும் இந்த மாதிரி ஏதாவது ஒரு நோட்டுல உங்க பேரோ உங்கப்பா பேரோ இருந்தா, அடுத்த வாட்டி ஊருக்குப் போகும்போது ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க மக்கா. பெருசா ஒண்ணும் செய்ய வேணாம். கணக்கைக் கேட்டு, அதை மட்டும் குடுத்தாப் போதும்.

டிஸ்கி: சுருளிக்கிழங்கு வேக வைக்க எவ்வளவு நேரம் ஆகும்னு தெரிஞ்சவங்க சொல்லவும். ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்து ரூம்ல பாதி வெந்ததைச் சாப்பிட்டு நாக்கு அரிச்சதுதான் மிச்சம்.